மஞ்சவாடி மேட்டில் நின்ற கரி பஸ்

"எறங்குங்க! எல்லாரும் எறங்கித் தள்ளுங்க!"

மஞ்சவாடிக் கணவாய். 1943. சித்திரை, உச்சி வெயில். பஸ் இரண்டு முறை இருமுகிறது. நிற்கிறது. உள்ளே என் மனைவி சடச்சி. நிறைமாதம். பிள்ளை குறுக்கே கிடக்கிறது. சேலம் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டால் பிழைப்பாள் என்றாள் மருத்துவச்சி. சித்தேரி மலையிலிருந்து தூளி கட்டித் தூக்கி வந்து, பாப்பிரெட்டிப்பட்டியில் பஸ் ஏற்றினோம்.

அது கரி பஸ். பின்னால் ஆள் உயரத்துக்கு ஓர் இரும்பு உருளை. அதில் கரியை எரித்து, வரும் வாயுவில் ஓட்டுவார்கள். பெட்ரோல் கிடையாது. பர்மாவுக்குள் ஜப்பான்காரன் வந்தான். அவன் கைக்குப் போகக் கூடாதென்று எண்ணெய்க் கிணறுகளை வெள்ளைக்காரனே நாசம் செய்துவிட்டு வந்தான். மிச்சமிருந்த பெட்ரோல் பட்டாளத்துக்கு. எங்களுக்குக் கரி. எங்களை யாரும் கேட்கவில்லை. பர்மாக்காரனை மட்டும் கேட்டிருப்பார்களா என்ன?

"ஓரம் போங்க! மிலிட்டரி லாரி!"

ஐந்து லாரிகள். தார்ப்பாய்க்கு அடியில் பெட்ரோல் டின்கள் கடகடவென்று இடித்துக்கொள்கின்றன. கை காட்டினேன். ஓடினேன். கும்பிட்டேன். ஒன்றும் நிற்கவில்லை. பெட்ரோல் வாசனை மட்டும் கொஞ்ச நேரம் இருந்தது.

டிரைவர் உருளையைத் திறந்தார்.

"பச்சக் கரிங்க. எந்தப் பாவி சுட்டானோ, தாரு வந்து கொழாய அடச்சிக்கிச்சு."

பஸ் மேலிருந்த கரி மூட்டைகளைப் பார்த்தேன். வாயில் ஆத்தி நார்க் கட்டு. எங்கள் மலையில் ஆளுக்கொரு முடிச்சு. யார் சுட்ட கரி என்று அதை வைத்துத்தான் சொல்வோம்.

அது என் முடிச்சு.

விறகை அடுக்கி மண்ணால் மூடிச் சுடுவது கரிமூட்டம்; புகை முழுக்க அடங்கிய பிறகுதான் அதைப் பிரிக்க வேண்டும். சடச்சிக்கு நாள் நெருங்கியது. பக்கத்தில் இருக்க வேண்டுமென்று இரண்டு நாள் முந்திப் பிரித்துவிட்டேன். விறகு பாதிதான் வெந்திருந்தது. அந்தப் பாவி நான்தான் என்று டிரைவரிடம் சொல்லவில்லை. இப்போதுதான் சொல்கிறேன்.

தள்ளினோம். நகர்ந்தது. நின்றது. மறுபடி தள்ளினோம்.

"மேடு ஏறியாச்சுங்களா?" என்றாள் சடச்சி.

"ஏறியாச்சு."

ஏறவில்லை. அதற்குப் பிறகு அவள் எதுவும் கேட்கவில்லை.

சண்டை முடிந்தது. பெட்ரோல் வந்தது. பஸ் இப்போது அந்த மேட்டில் நிற்பதே இல்லை. நான் மட்டும் அடிவாரத்தில் இறங்கி நடந்து போகிறேன். கோபப்படக்கூட அலுப்பாக இருக்கிறது. போனதை மட்டும் சொல்லி வைக்கிறேன். கரிக்காக வெட்டிய மூன்று சரிவுக் காடு. சடச்சி. அவள் வயிற்றிலிருந்த பிள்ளை. ஆணா பெண்ணா, யாரும் பார்க்கவில்லை.