ஒரே லாரியில் ஏறிய ராட்டினம்

கடந்த ஞாயிற்றுக்கிழமை மாலை ஆறரை மணியளவில், பொருட்காட்சித் திடலில் எனக்குச் சொந்தமான சுழல் ராட்டினம் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒரு பக்கமாகச் சாய்ந்து, அதன் தொட்டி ஒன்று கம்பி வேலியை உடைத்ததில் நான்கு பேருக்குக் காயம் ஏற்பட்டது. அப்போது அதை இயக்கியவர் என் தங்கை கணவர். காவலில் வைக்கப்பட்டிருக்கும் ஆபரேட்டர் அல்ல.

திடலில் என்னைப் பலூன்காரர் என்றால்தான் தெரியும். வயது ஐம்பத்து நான்கு. பழைய இரும்புக் கடைக்கு மேல்மாடியில் குடியிருக்கிறேன். பலூன் விற்றுத் தொழிலுக்கு வந்தவன்; இப்போது மூன்று ராட்டினங்கள் இருக்கின்றன.

மேற்படி ராட்டினத்தை வடிவமைத்தவரும் என் தங்கை கணவரே. குளிர்சாதனப் பெட்டி பழுது பார்ப்பதில் ஆறு மாதம் பயிற்சி பெற்றவர். சட்டைப் பையில் எப்போதும் நான்கு பேனா இருப்பதால் வீட்டில் இன்ஜினியர் என்கிறோம். நடுவில் தூண், தூணிலிருந்து எட்டுக் கைகள், கைக்கு ஒரு தொட்டி, தொட்டிக்கு இரண்டு பேர், தூணைத் தாங்க நான்கு பக்கமும் நீட்டிய கால்கள், இதுதான் அமைப்பு. கால் ஒவ்வொன்றும் எட்டடி வேண்டும் என்று பட்டறைக்காரர் சொன்னார். என் தங்கை கணவர் ஆறடியாகக் குறைத்தார். ஏன் என்று கேட்டதற்கு, "ஒரே லாரில ஏறிடும் மச்சான், ஒரு வண்டி வாடகை மிச்சம்" என்றார். பட்டறைக்காரர் தலையில் அடித்துக்கொண்டார். நான் தலையை ஆட்டினேன். அதையும் எழுதிக்கொள்ள வேண்டுகிறேன்.

அதன் பிறகு வெள்ளோட்டத்திலேயே ஒரு கால் தரையை விட்டு எழும்பியதால், ஆபரேட்டர் தானாக ஒரு வழி கண்டுபிடித்தார். ஆளைப் பார்த்ததும் எடையைச் சொல்லிவிடுவார் என்பதால் அவருக்குத் தராசு என்று பெயர். கனமானவருக்கு நேர் எதிரே கனமானவரை உட்கார வைப்பார். எதிர்த்தொட்டி காலியாக இருந்தால் மணல் மூட்டை வைப்பார். புருஷன் பெண்டாட்டியைப் பிரித்து உட்கார வைத்து ஏச்சும் வாங்குவார். இரண்டு வருடம் அந்த ராட்டினம் சாயாமல் ஓடியது இன்ஜினியரின் கணக்கால் அல்ல, இவர் கண்ணால்.

சம்பவத்தன்று, இதே போல இரண்டு ராட்டினங்களுக்கு ஆர்டர் தர இருந்த ஆறு பேரை என் தங்கை கணவர் அழைத்து வந்தார். ஆறு பேரும் அடுத்தடுத்த மூன்று தொட்டிகளில் ஏறினார்கள். எல்லோரும் ஒரே படத்தில் விழ வேண்டுமாம். தராசு எதிரே மூட்டை வைக்கப் போனார்.

"யோவ், மூட்டைய எடு. படத்துல அசிங்கமா விழும்."

"சார், ஒவ்வொருத்தரும் எண்பதுக்குக் குறையாது. மொத்தமும் ஒரே பக்கம். நான் ஓட்ட மாட்டேன்."

"இதை உண்டாக்கினது நானா, நீயா?"

"நீங்கதான் சார். அதான் பயமா இருக்கு."

வந்தவர்கள் சிரித்தார்கள். அதன் பிறகு என் தங்கை கணவர் இயக்கும் கேபினின் வாசலில் போய் நின்ற தராசைச் சட்டையைப் பிடித்து இழுத்துத் தள்ளிவிட்டு, தானே உள்ளே உட்கார்ந்து, எடுத்த எடுப்பில் கடைசி வேகத்துக்குத் திருப்பினார். மெயின் சுவிட்ச் டிக்கெட் கவுண்டரில் என் கைக்கு எட்டும் இடத்தில் இருந்தது. "முதலாளி, மெயினைத் தட்டுங்க!" என்று தராசு கத்தியது என் காதில் நன்றாக விழுந்தது. ஆர்டர் போய்விடுமே என்று நின்றேன். ஒரு கால் தடக் தடக்கென்று தரையை அடிக்கத் தொடங்கியது. அதன் பிறகு தராசு ஓடிவந்து, என்னைத் தள்ளிவிட்டு மெயினைத் தட்டினார். அதற்குள் ராட்டினம் சாய்ந்துவிட்டது. வேலிக்கு வெளியே பலூன் விற்றுக்கொண்டிருந்த பெண்ணின் வலது முழங்கால் நொறுங்கியது. கீழே விழுந்தும் அவள் நூலை விடவில்லை. தொட்டியில் இருந்தவர்களில் மூவருக்குச் சிராய்ப்பு. என் தங்கை கணவர் கேபினிலிருந்து இறங்கி, கீழே கிடந்த தன் பேனாவை எடுத்தார்.

அதன் பிறகு வந்த காவலர்களிடம், சுவிட்சில் கை வைத்தது தராசு என்று அவர் சொன்னார். நிறுத்துவதற்காக வைத்தார் என்பதைச் சொல்லவில்லை. மறுநாள் காலை என் தங்கையுடன் என் வீட்டுக்கு வந்தார்.

"அவன் ஆறு மாசம் உள்ள இருந்துட்டு வரட்டும் மச்சான். நம்ம வீட்டு ஆளா என்ன?"

"ஆறு மாசம்தானே, நீங்க போயிட்டு வாங்க மாப்பிள்ளை. ஜெயில் கட்டடத்தை நீங்க வரையல, தைரியமா இருக்கலாம்."

"அண்ணே, பிள்ளைங்க முகத்துக்காக" என்று என் தங்கை ஆரம்பித்தாள். தராசுக்கும் இரண்டு பிள்ளைகள் என்றேன். அவள் எழுந்து சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டாள். அதன் பிறகு என்னிடம் பேசவில்லை.

கால் குறைத்ததற்குத் தலையாட்டியதும், மெயினைத் தட்டாமல் நின்றதும் என் குற்றம். அதற்கு நான் பதில் சொல்லிக்கொள்கிறேன். இதில் எனக்குச் சாதகமாக ஒன்றையும் சேர்க்கவில்லை, பாதகமானதை விடவுமில்லை. வாசித்துக் காட்டக் கேட்டு, சரியென்று கையொப்பமிடுகிறேன்.

நேற்று நானும் என் தங்கை கணவரும் பேசி ஒப்புக்கொண்டது: இன்று மாலை ஐந்து மணிக்குள் அவரே இந்தக் காவல் நிலையத்துக்கு வந்து, இயக்கியது தான்தான் என்று எழுதிக் கொடுப்பார். வந்தாலும் வராவிட்டாலும், தங்கை வீட்டுச் செலவும் அந்தப் பெண் எழுந்து நடக்கும்வரை வைத்தியச் செலவும் என்னுடையவை. வந்தால் வக்கீல் செலவும் என்னுடையது. வராவிட்டால் வக்கீலை அவரே பார்த்துக்கொள்வார்.

(ஒப்பம்)