அழுகிற பிள்ளை

பெட்ரோல் கிடைக்காமல் பஸ்கள் கரியில் ஓடிய யுத்த காலம். நாமக்கல்லிலிருந்து சேலம் போகும் கரி பஸ்ஸில், என் முன் இருக்கையில் ஒரு கணவனும் மனைவியும் இருந்தார்கள். அவள் கைக்குழந்தையை நீட்டியதும் அவன் பின்னால் நகர்ந்தான்.

"என்ற கையில குடுக்காத. அழுதா அடிச்சுப்போடுவேன்."

"ஏனுங்க, எப்பவாச்சும் அடிச்சிருக்கீங்களா?"

"இல்ல. ஆனா அது அழுதா நெஞ்சு படபடங்குது, கை நடுங்குது. சின்னதுல எங்கய்யன் புளிய விளாற எடுத்தா இப்படித்தான் நடுங்குவேன்."

"மாமனாரு செத்துப் பத்து வருசமாச்சுங்களே."

"நெஞ்சுக்கு அது தெரியலையே. டாக்டரு ஒண்ணுமில்லைங்கறாரு. நானும் எங்கய்யனாட்ட ஆயிட்டா?"

"எதுக்குங்க அடிப்பாரு?"

"அழுதா அடிப்பாரு. அடிச்சா அழுவேன். அழுதேன்னு மறுபடியும் அடிப்பாரு."

ராசிபுரத்தில் கரி கிளற பஸ்ஸை நிறுத்தினார்கள். அந்தச் சத்தத்தில் குழந்தை வீறிட்டது. அவள் அதை அவன் மடியில் வைத்துவிட்டாள்.

"நடுங்கட்டுங்க. நடுங்குற கையிலயே புடிச்சுக்குங்க. நான் பக்கத்துலதான் இருக்கறேன்."

அவன் முகம் வியர்த்துவிட்டது. குழந்தை ஓயவில்லை. வெகுநேரம் கழித்து, மல்லூர் தாண்டும்போது, அவன் குரல் தாழ்வாகக் கேட்டது:

"அழுவு சாமி. உன்ன ஒண்ணுஞ் செய்ய மாட்டேன். அழுவு."