மாஸ்டர் நாக்கு

ஆக்னஸ்: ரெண்டு கிளாஸும் பாத்தாச்சுல்ல... எதுன்னு சொல்லுங்க. படுக்கணும்.

இருதயராஜ்: இரு ஆக்னஸ். நாக்குல கொஞ்சம் நிக்கட்டும்.

ஆக்னஸ்: எனக்குக் காலே நிக்கல. அம்பது கிலோ காய் நறுக்கிக்கினு வந்துக்கிறேன்.

இருதயராஜ்: உன்னை யார் வரச் சொன்னது? காய் நறுக்க ஆள் கீது. நாளைலேர்ந்து ஊட்ல இரு.

ஆக்னஸ்: அதை அப்புறம் பேசலாம். ஷர்மிளா அம்மா இப்ப போன் பண்ணுவாங்க. பொண்ணு ரிசப்ஷன்ல கேக் வெட்டும்போது ஊத்துறதுக்கு வெள்ளை ஒயின்... "சமையல் மாஸ்டரே சொல்லட்டும், அவர் நாக்கு தப்பாது"ன்னு நம்பிக் குடுத்து அனுப்பிக்கிறாங்க.

இருதயராஜ்: எது இன்னா வெலை?

ஆக்னஸ்: வெலை கேட்டுட்டுதான் ருசி பாப்பாங்களா?

இருதயராஜ்: குடுக்கிற காசுக்குத் தகுமான்னுதானே கேட்டாங்க...

ஆக்னஸ்: சரி. இது நாசிக்குல செஞ்ச ஒயின். அது பெங்களூரு பக்கத்துது, பாதி வெலை.

இருதயராஜ்: நாசிக்தான். நல்ல பழ வாசனை. அது சும்மா புளிப்பு.

ஆக்னஸ்: நாசிக்க இன்னொரு வாட்டி மோந்து பாருங்க.

இருதயராஜ்: பாத்தேன். பழ வாசனை. எத்தினி வாட்டி சொல்றது...

ஆக்னஸ்: அந்த பாட்டில் கெட்டுப் போச்சுங்க. கார்க்கைப் பிடுங்கினதுமே ஈரச் சாக்கு நாத்தம் அடிச்சுது. இங்க வரைக்கும் அடிக்குது.

இருதயராஜ்: ...சளி புடிச்சிருக்கு.

ஆக்னஸ்: உங்களுக்குக் காய்ச்சல் வந்து போயே மூணு மாசம் ஆவுது, இன்னுமா சளி? சொல்லுங்க. எங்கிட்டதானே.

இருதயராஜ்: ஒண்ணும் தெரில ஆக்னஸ். வாசனையும் இல்ல, உப்பும் இல்ல, ஒறைப்பும் இல்ல. வாய்க்குள்ள துணி வச்ச மாதிரி கீது. டாக்டர் போகப் போக வரும்ங்கிறாரு... வரல.

ஆக்னஸ்: ஏன் மறைச்சீங்க?

இருதயராஜ்: ருசி தெரியாத மாஸ்டர்னு வெளிய போச்சுன்னா கொரட்டூர்ல ஒருத்தன் கூப்பிடுவானா? நம்ம கையாளு லோகநாதனுக்குக் கூடத் தெரியாது, பக்கத்துலயே நின்னு கிளறுறான்.

ஆக்னஸ்: பயமா இல்லியா?

இருதயராஜ்: ஒவ்வொரு பந்தியும் பயந்துகினுதான் போடறேன். கை அளவு காப்பாத்துது. முப்பது வருசக் கை... இதுவரைக்கும் ஒருத்தரும் கொறை சொல்லலியே.

ஆக்னஸ்: கை அளவு இல்லீங்க. திருவேற்காட்டுக் கல்யாணத்துல ரசத்துக்கு நீங்க உப்பே போடல, நான்தான் போட்டேன். ஆவடியில சாம்பாருக்கு ரெண்டு வாட்டி போட்டீங்க, நான் பருப்பு வேக வச்சு ஊத்தினேன். காய் நறுக்கவா நான் வர்றேன்? நீங்க அந்தப் பக்கம் திரும்புனதும் ஒவ்வொரு அண்டாவையும் நான்தான் நாக்குல வச்சுப் பாக்கறேன்... நாளைக்கும் வருவேன். போன் அடிக்குது பாருங்க, பெங்களூருதே போதும்னு சொல்லிடுங்க.