தேத்தண்ணி ஊத்தப் போன நேரம்

கல்லாற்றுக்குப் போகும் பஸ்ஸில் என் முன் இருக்கையில் இரண்டு பெண்கள். சன்னலோரம் இருந்தவள், மனக்கவலையோடு வருபவர்களின் பேச்சைக் கேட்கும் உளவளத்துணையாளர் என்பது பேச்சிலேயே தெரிந்தது.

"நான் அந்தத் தேத்தண்ணிய ஊத்தியிருக்கக் கூடாது கா," என்றாள் அவள்.

"தேத்தண்ணி குடுக்கிறதும் பிழையா?"

"எங்கிட்ட வந்து மூணு கிழமையாத் தலையிடியப் பத்தி மட்டும் கதைச்ச மனிசி. அண்டைக்குத்தான், 'மகள நான்தான் கட்டாயப்படுத்தி வெளிநாட்டுக்கு அனுப்பினன் மிஸ்' எண்டு அழத் தொடங்கினா. அழ விட்டுட்டுச் சும்மா இருக்கணும் எண்டுதான் எங்களுக்குப் படிப்பிச்சது. எனக்கு மனம் கேக்கல்ல, எழும்பிட்டன். தேத்தண்ணியோட திரும்பி வரக்குள்ள அவ முகத்தத் துடைச்சிட்டு இருந்தா."

"பிறகு வரல்லியா?"

"வந்தா. மகளப் பத்தி ஒண்டும் கதைக்கல்ல; தேயிலைப் பைக்கட் ஒண்டத் தந்து, 'நீங்க நல்ல மனிசி மிஸ், எனக்குச் சுகமாயிட்டு' எண்டு சொல்லிட்டுப் போயிட்டா."