ஏற்றாமல் விட்ட ஒரு விளக்கு

ஹலோ… ஹலோ… ஃபனூரிஸ்? நான்தான், போப்பி… உன் அக்காடா, வேற எந்தப் போப்பி… கட் பண்ணாத. கட் பண்ணாதன்னு சொல்றேன்… ஆமா, உன் அத்தான் போன்தான். என் நம்பர்லேருந்து பண்ணா நீ எடுக்க மாட்டே, அதான்.

மொதல்ல வாழ்த்தச் சொல்லி முடிச்சிடறேன். இன்னிக்கு உன் பேர் கொண்ட புனிதருக்குத் திருநாள். நூறு வருஷம் நல்லா இரு… சரி… சரி, வேண்டாம்னா விடு. சொல்லணும்னு சொன்னேன். காலைலேருந்து ஊர்க்காரங்க எத்தனை பேர் பண்ணியிருப்பாங்க… ஒருத்தர் போனும் எடுக்கலையா. ம்.

இரைச்சலா? ரோட்டுல நிக்கிறேன். லாரி போவுது… எந்த ரோடுன்னா… சொல்றேன், மொதல்ல விஷயத்தக் கேளு. அம்மா வண்டில ஏற மாட்டேங்குது… ஆமா… ஒண்ணரை மணி நேரமா… இல்ல இல்ல, ஒடம்புக்கு ஒண்ணும் இல்ல. திராட்சை வாங்கின கூடைய ரோட்டோரத்துல கவுத்துப் போட்டு அது மேல உக்காந்திருக்கு. கறுப்பு உடுப்பு, தலையில கறுப்புத் துண்டு, இந்த வெயில்ல. உன் அத்தான் பக்கத்துல குடை பிடிச்சுட்டு நிக்கிறாரு. போற வர்றவன்லாம் ஹாரன் அடிச்சுட்டுப் போறான்.

நானா கூட்டிட்டு வந்தேன்? நல்லாருக்குடா நீ கேக்குறது. ஆகஸ்ட்ல மாதா திருநாள் முடிஞ்சா அப்பா நம்மளத் தீவச் சுத்திக் கூட்டிட்டுப் போவாரே, மூணு நாளு. இந்த வருஷம் அதப் பத்தி யாரும் வாயத் தொறக்கல. நானும் தொறக்கல. முந்தாநாள் காலைல மாடிலேருந்து பார்க்குறேன், அம்மா எங்க வண்டில முன் சீட்டுல உக்காந்திருக்கு. மடியில கேக்கு. போலாம்னுச்சு. அவ்வளவுதான். உன் அத்தான் அன்னிக்கு லீவு கூடப் போடல.

அதே வழிதான்… ஆமா… கடல் எப்பவும் அம்மா பக்கமா இருக்கணும்னு அப்பா ஓட்டுவாரே, அதே மாதிரி. ஹனியா போயி, மலை ஏறி எறங்கி ஸ்ஃபாகியா, தெக்குக் கரை, அப்புறம் இயெராபெத்ரா, சித்தியா. ரெண்டு தடவ வழி தப்புச்சு. துப்பாக்கி வச்சிருக்கறவன் பூரா ஊர்ப் பேர்ப் பலகையில சுட்டுப் பழகினா எவனுக்கு ஊரு பேரு தெரியும்? ஓட்டை வழியா மலை தெரியுது… என்னடா, சிரிச்சியா… இல்லையா. சரி.

கேக்கா? புனித ஃபனூரியோஸ் கேக்குதான். முட்டை இல்லாம, எண்ணெயும் ஆரஞ்சுச் சாறும் வால்நட்டும் போட்டு… அதத்தான் நானும் கேட்டேன். எதையாச்சும் தொலைச்சவங்கதானே அதச் சுட்டு நாலு பேருக்குக் குடுப்பாங்க, கிடைக்கணும்னு. என்னம்மா தொலைச்சேன்னேன். காதப் பார்த்தேன், கம்மல் ரெண்டும் இருந்துச்சு. மோதரம் இருந்துச்சு. அதோட விட்டுட்டேன். எட்டு மாசமா அப்படித்தான், எதையும் ரெண்டாந்தடவ கேக்குறதில்ல நானு.

ஃபனூரிஸ், நீ வேலை எடத்துலயா இருக்கே?… ரூம்லயா. சரி, உக்காந்துக்க. நான் சொல்ற வரைக்கும் குறுக்க பேசாத.

ஹனியா தாண்டினதும் அம்மா வண்டிய நிறுத்தச் சொல்லுச்சு. வாந்தியோன்னு நெனைச்சேன். எறங்கிப் போயி ரோட்டோரத்துல ஒரு விளக்குப் பெட்டியத் தொறக்குது… ஆமா, அதேதான். விபத்து நடந்த எடத்துல வைக்கிறது. தகரத்துல சின்னக் கோயில் மாதிரி, உள்ள ஒரு படமும் எண்ணெய் விளக்கும் இருக்குமே. யாருதோ. உள்ள பத்தொம்பது வயசுப் பையன் படம். விளக்கு அணைஞ்சு கெடந்துச்சு. அம்மா பையிலேருந்து எண்ணெய எடுத்து ஊத்தி, ஏத்தி, சிலுவை போட்டுட்டு வந்து உக்காந்துச்சு. போன்னுச்சு.

அடுத்த வளைவுல இன்னொண்ணு. அதுக்கடுத்து இன்னொண்ணு… இல்லடா, எரிஞ்சுட்டு இருந்தா நிறுத்தச் சொல்லாது. அணைஞ்சது மட்டும்தான். ஆனா நம்ம தீவுல எத்தனை வளைவு, எத்தனை பெட்டி. மூணு நாளு போன வழி பூரா இதே வேலை. முப்பத்தேழு. எண்ணிட்டே வந்தேன், வேற ஒண்ணும் செய்யத் தோணல… அழுகையா? இல்ல. எனக்கு அது டிசம்பர்லயே நின்னுபோச்சு. அம்மா ஏத்தும், நான் கதவு தொறந்து விடுவேன். அம்மா ஏறும், நான் கதவச் சாத்துவேன்.

ஸ்ஃபாகியா பக்கத்துல ஒரு ஆட்டுக்காரர் ஓடி வந்தாரு. கைல கம்பு. எவளுடி என் விளக்கத் தொட்டதுன்னு. உன் அத்தான் குறுக்க போயி, ஐயா இது புண்ணியம்தானேங்கறாரு. அந்தாளு சொல்றாரு, யோவ், இது செத்ததுக்கு வச்சது இல்ல, பொழைச்சதுக்கு வச்சது, லாரியோட உருண்டு கீழ போயி எந்திரிச்சு வந்தவன் நானு, அப்படின்னு… ஆமா, அப்படியும் வைப்பாங்க, அது ஊருக்கே தெரிஞ்சதுதானே. நான்தான் மறந்துட்டேன். செத்தவன் விளக்க எவன் வேணா ஏத்தலாம், பொழைச்சவன் விளக்கப் பொழைச்சவன்தான் ஏத்தணும், அவன் சொல்ல வேண்டிய நன்றிய நீ எப்படிச் சொல்லுவேன்னு அம்மாவக் கேட்டாரு.

அம்மா மன்னிப்புக் கேட்டுச்சு. ஒரு துண்டு கேக்கு குடுத்துச்சு. அவரு ரக்கிச் சாராயம் ஊத்திக் குடுத்தாரு. உங்களுதும் ஒண்ணு இருக்கா தாயின்னாரு. இருக்குன்னுச்சு. செத்ததா பொழைச்சதான்னு கேட்டாரு. அம்மா கிளாஸக் கீழ வச்சுட்டு வண்டில ஏறிடுச்சு.

என்ன?… ஏன் இதெல்லாம் உனக்குச் சொல்றேனா? வேற யாருக்குடா சொல்லுவேன்.

இரு, லாரி… ம், இப்ப கேக்குதா? இன்னிக்கு மத்தியானம் உன் ஊரு வழியாத்தான் வந்தோம்… ஆமா, இராக்லியோதான்… உன் தெருவுக்குள்ளயே வந்தோம். உன் அத்தான் வேணும்னேதான் அந்தப் பக்கம் திருப்பினாரு. நீலச் சட்டை காயப் போட்டிருந்தே. ஜன்னல் சாத்தியிருந்துச்சு… அம்மாவா? பார்க்கல. நேரா ரோட்டப் பார்த்துட்டு உக்காந்திருந்துச்சு… தெரியும். தெரியும்டா. எட்டு மாசமா உன் போன எடுக்கல. உன் பேரச் சொல்லல. நாப்பதாம் நாள் கோதுமைப் படையலுக்கு நீ கோயில் வாசல்ல நின்னே, அம்மா உன்னயத் தாண்டிப் போச்சு. நானும் அங்கதானே நின்னேன்.

அதுக்காகத்தான் நீ கெளம்பிப் போனே, புரியுது. உன்னய யாரும் ஒரு வார்த்த சொல்லல… சொல்லாம இருந்ததுதான் உனக்கு… சரி. சரி, நீ சொல்றதும் சரிதான். ஆனா மழையில வண்டி சறுக்குச்சு. நீ ஓட்டுனே. நீ ஓட்டாட்டி அப்பா ஓட்டியிருப்பாரு. அவரு கண்ணுக்குப் பகல்லயே ஆடு எது, கல்லு எதுன்னு தெரியாது… பெல்ட்டா? நீ சொல்லியிருந்தா போட்டிருப்பாரா? யாரு சொல்லி என்னிக்குக் கேட்டாரு மனுசன்? வண்டி கத்தக் கூடாதுன்னு பெல்ட்டோட கொண்டிய மட்டும் தனியா வாங்கிச் சொருகி வச்சிருந்தவரு. பெல்ட் போட்டா கழுதையக் கட்டுன மாதிரி இருக்கும்பாரு. நம்மூரு ஆம்பளைங்க பாதிப் பேரு அப்படித்தான். உன் அத்தான் வண்டிலயும் அதே கொண்டிதான் இருந்துச்சு. முந்தாநாள் தெக்குக் கரையில அம்மா அதப் பிடுங்கிக் கடல்ல வீசுச்சு. அவரும் பெல்ட்ட இழுத்துப் போட்டுட்டாரு. எனக்கு அதப் பார்த்தும் ஒண்ணும் தோணல. தோணியிருக்கணும்.

இப்ப எங்க நிக்கிறேன்னு உனக்குத் தெரியும்… தெரியும் உனக்கு. கேட்டுட்டே இருந்தியே… ஆமா. அந்த வளைவுதான்… வைக்காத. ஃபனூரிஸ், போன வைக்காத. இன்னும் ரெண்டு நிமிஷம். அப்புறம் நீ வச்சுக்க, நான் திரும்பப் பண்ண மாட்டேன், அப்பா மேல ஆணையா.

நம்ம பெட்டி வச்சு ஏழு மாசம் ஆச்சு. அம்மா கொல்லன்கிட்ட சொல்லிச் செஞ்சு, தானே வந்து நட்டுச்சு. சனிக்கெழமை சனிக்கெழமை உன் அத்தான் கூட்டிட்டு வருவாரு. கொஞ்சம் தள்ளி வண்டிய நிறுத்தச் சொல்லிட்டுத் தனியாத்தான் போவும். கண்ணாடி தொடைக்கும், எண்ணெய் மாத்தும், வந்துடும். நான் வந்ததே இல்ல. நீயும் வந்ததில்ல… ஆமா, நீ என்ன நெனைச்சேன்னு தெரியும். போற வர்ற பஸ்காரன்லாம் பார்க்கட்டும், இங்கதான் மகன் அப்பனக் கொன்னான்னு ஊரு பார்க்கட்டும்னு வச்ச மாதிரி. எனக்கும் உள்ளுக்குள்ள அப்படித்தான் இருந்துச்சு. சொல்லிட்டேன், கோவிச்சுக்காத.

இன்னிக்கு அம்மா என்னயும் எறங்கச் சொல்லுச்சு. எல்லாத்தையும் ஏத்திட்டோம், இதையும் ஏத்திட்டு வீட்டுக்குப் போலாம்னு நெனைச்சேன். நெருப்புப் பெட்டிய நானே எடுத்துட்டுப் போயிக் கதவத் தொறந்தேன். அம்மா கையப் பிடிச்சுருச்சு.

ஃபனூரிஸ், உள்ள அப்பா படம் இல்ல.

இல்லடா… யாரும் எடுத்துட்டுப் போகல. மொதல்லேருந்தே இல்ல. ஒரே ஒரு படம்தான் இருக்கு. சிப்பாய் உடுப்புல ஒரு பையன், கையில எரியிற மெழுகுவத்தி. உன் புனிதர்டா. ஃபனூரியோஸ்.

திரி வெள்ளையா இருக்கு. ஒரு தடவ கூட ஏத்தல. ஏழு மாசமா எண்ணெய மாத்தி மாத்தி ஊத்திட்டு, ஏத்தாம வந்திருக்கு.

அப்பா படம் எங்கம்மான்னு கேட்டேன். அம்மா சொல்லுச்சு, "உங்கப்பா படம் கல்லறையில இருக்கு. இது அவருக்கு வச்சது இல்ல. இத நீ ஏத்தாத."

அவ்வளவுதான் சொல்லுச்சு. போயிக் கூடையக் கவுத்துப் போட்டு உக்காந்துருச்சு. எப்ப எந்திரிப்பேன்னு கேட்டா ரோட்டையே பார்க்குது. இராக்லியோ பக்கத்து ரோட்ட.

ஹலோ… இருக்கியா… ஃபனூரிஸ்… சரி. பேசாட்டி பரவால்ல. மூச்சு கேக்குது.

ஏன் உன்னயப் பார்க்கலைன்னு எனக்குத் தெரியலடா. ஒருவேளை உன் மூஞ்சியப் பார்த்தா, நீ பொழைச்சதுக்குச் சந்தோஷப்பட வேண்டியிருக்கும், அப்பா போயி ஒரு வருஷம் கூட ஆகலையேன்னு இருந்திருக்கும். ஒருவேளை வெக்கமா இருந்திருக்கும். நானா சொல்றேன், அது சொல்லல. அதுக்குத்தான் பேசத் தெரியாதே. நம்ம வீட்டுல யாருக்குத் தெரியும்.

கேக்குல ஒரு துண்டு மிச்சம் இருக்கு. காகிதத்துல சுத்தி மடியில வச்சிருக்கு. உன் அத்தான் பசிக்குதுன்னு கேட்டாரு, குடுக்கல.

மூணரைக்கு ரெதிம்னோ பஸ் இருக்கு… தெரியும், ஊர விட்டுப் போனதுலேருந்து அந்த ரோட்டுல நீ வந்ததில்ல. தெரியும். கண்ண மூடிக்க. இல்ல, மூடாத. கடல் பக்கமா உக்காரு, பெட்டி அந்தப் பக்கம்தான் இருக்கு. பாலம் தாண்டினதும் டிரைவர்கிட்ட சொல்லு, பெட்டிக்கிட்ட நிறுத்துன்னு. நம்மாளுங்க வேற எதுக்கு நிறுத்தாட்டியும் இதுக்கு நிறுத்துவாங்க… வரியா?… வரேன்னு சொல்லு, இல்ல வரலைன்னு சொல்லு. நான் போயி அம்மாகிட்ட ஒண்ணு சொல்லணும்ல.

…ம்.

…ம். சரி. நீலச் சட்டை காஞ்சிருக்கும், அதப் போட்டுக்க.

இரு, அம்மா கூப்புடுது… என்னம்மா?… ஆமா, அவன்தான்… மூணரை பஸ்ல… பேசுறியா?… இந்தா, போன… சரி, சரி, நானே சொல்றேன்… ஃபனூரிஸ், அம்மா பேசலையாம். ஒண்ணு மட்டும் உன்கிட்ட சொல்லச் சொல்லுது.

பஸ்லயும் பெல்ட் போட்டுக்கணுமாம்.

…ஃபனூரிஸ்?… டேய்… அழுவுறத அப்புறம் வச்சுக்கடா, பஸ் போயிடும்… ம்… ம்… வை. நான் வைக்கிறேன்.