கல்லில் விடுபட்ட பெயர்

இந்த அவையின் தலைமை இருக்கையில் வெண்தாடி விளங்க வீற்றிருக்கும் எங்கள் குலத்தின் மூத்தவர், மதிப்பிற்குரிய ஒராஸ்பாய் பெரியவர் அவர்களே! குதிரையேறியும் லாரியேறியும் கெகென் சமவெளியைக் கடந்துவந்து குழுமியிருக்கும் சாரிபாய் குலத்துச் சான்றோர்களே! விடிந்ததிலிருந்து கொப்பரை முன் நின்று வெந்து, இப்போதுதான் உட்காரக் கிடைத்த தாய்மார்களே! என் பின்னால் வெள்ளைத் துணி போர்த்து நிற்கும் குலக்கல்லைக் கொத்திய கல்தச்சரே! அல்மாட்டி ஆய்வுக்கூடத்தில் பதினெட்டு ஆண்டுகளாய் ஊரார் எச்சிலைப் படித்துக்கொண்டிருக்கும் உங்கள் வீட்டுப் பெண் ரைகானின் வணக்கம்.

"இவ ஏறினா இறங்க மாட்டா" என்று மூன்றாம் வரிசையில் ஓர் அண்ணன் சொல்வது காதில் விழுகிறது. இறங்குகிறேன் அண்ணே. கல்லில் ஒரு பெயரை ஏற்றிவிட்டு இறங்குகிறேன்.

சென்ற வசந்தத்தில் இந்தக் குலத்து ஆண்கள் அறுபத்து மூன்று பேர் உள்கன்னத்து எச்சிலைப் பஞ்சால் துடைத்துக் கொடுத்தீர்கள். எதற்காக? தகப்பனிடமிருந்து மகனுக்கு, மகனிடமிருந்து பேரனுக்கு என்று மாறாமல் இறங்கும் ஒய் குரோமோசோமைப் பார்த்து, நாம் ஒரே சாரிபாயின் பிள்ளைகள்தானா என்று சொல்வதற்காக. பார்த்தேன். அறுபத்து இரண்டு பேருக்குப் பொருந்தியது. ஒருவருக்குப் பொருந்தவில்லை. அவர், அதோ கடைசி வரிசையில் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் மந்தைக்காரர் கென்ஜெபெக் அண்ணன்.

திரும்பிப் பார்க்காதீர்கள். ஒரு மாதமாய் அவரைத் திரும்பித் திரும்பிப் பார்த்தது போதும்.

பிழை முதலில் என்னுடையது. அவரிடம் தனியே சொல்ல வேண்டியதைப் பெயர்ப் பட்டியலாக்கி விழாக் குழுவுக்கு அனுப்பினேன். குழு கூடியது, குசுகுசுத்தது. "ரத்தத்துல இல்லாதவன் கல்லுல எதுக்கு?" என்று யாரோ கேட்டாராம். கல்கொத்துபவருக்குச் சொல்லியனுப்பினார்கள். இன்று இந்தத் துணியை விலக்கினால், கொத்திய வம்ச மரத்தின் மூன்றாவது கிளையில், அவருக்கும் அவர் அப்பா, தாத்தாவுக்கும் உரிய ஒரு சாண் இடம் வழுவழுவென்று வெறுமையாய் இருக்கும்.

வெட்கத்தோடு அவர் வீட்டுக்குப் போனேன். தேநீர் ஊற்றிக் கொடுத்தார். நான் தயங்கித் தயங்கிச் சொன்னதைக் கேட்டுவிட்டுச் சிரித்தார். "இது எங்க வீட்டுல எல்லாருக்கும் தெரியுமேம்மா. எலும்புதான் இருக்கே" என்றார்.

சுவரில் வெள்ளைத் துணியில் சுற்றித் தொங்கியது, ஆட்டின் பின்னங்கால் எலும்பு. ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினாறில் ஜார் படைக்கு அஞ்சி நம்மவர்கள் சீனத்துக்குத் தப்பி ஓடிய கணவாயில், பனியில் தனியே நின்ற நாலு வயதுக் குழந்தை அவருடைய தாத்தா. எடுத்துவந்தவர் சாரிபாயின் ஐந்தாம் தலைமுறை எஸ்கெந்திர். ஊர் திரும்பியதும் ஆடறுத்து, ஊரைக் கூட்டி, அந்த எலும்பைக் குழந்தையின் கையில் கொடுத்து, "இவன் என் பிள்ளை" என்றார். அந்த எலும்பைப் பிடித்தவன் பிள்ளை. அதற்கு மேல் நம் கசக் வழக்கத்தில் வேறு கேள்வி உண்டா? அன்று சாட்சியாய் அமர்ந்து அந்த ஆட்டைச் சாப்பிட்டவர்களில் ஒருவர் நம் தலைவரின் தாத்தா!

யாரங்கே, "அறிவியல் பொய்யா?" என்பது? பொய்யில்லை ஐயா. கேளுங்கள். நம் குலத்தவன் என்று காட்ட அப்பா, தாத்தா என்று மேலேறி ஏழு தகப்பன் பெயர் சொல்கிறோமே, அந்த ஏழாம் படியில் நிற்கும் முன்னோர் நூற்று இருபத்தெட்டுப் பேர். ஒய் குரோமோசோம் அவர்களில் ஒரே ஒருவரைக் காட்டும். மீதி நூற்று இருபத்தேழு பேரைப் பற்றி வாய் திறக்காது. என் உடம்பில் அது இல்லவே இல்லை. இங்கே அமர்ந்திருக்கும் எந்தத் தாயிடமும் இல்லை. அதுதான் அளவுகோல் என்றால், நாங்கள் யார்? உங்களைப் பெற்ற நாங்கள் யார்?

தாய்மார்கள் கைதட்டுகிறீர்கள். ஆண்கள் தொப்பியைச் சரிசெய்கிறீர்கள்.

அந்த ஒய்யின் கதையையும் சொல்கிறேன். ஒரு காலத்தில் அது எக்ஸுக்குச் சரிசமமான ஜோடி. கோடிக்கணக்கான ஆண்டுகளில் தன் மரபணுக்களில் பெரும்பகுதியை உதிர்த்தது. ஓய்ந்தது, ஒழிந்தது என்றார்கள். ஒழிந்ததா? எஞ்சியதை இறுகப் பிடித்துக்கொண்டு இரண்டரைக் கோடி ஆண்டுகளாய் ஏறக்குறைய இழப்பின்றி நிற்கிறது. எப்படி நிற்கிறது? தனக்குள்ளேயே வைத்திருக்கும் மறுபிரதியைப் பார்த்துத் தன் பிழையைத் தானே திருத்திக்கொள்கிறது. கண்ணுக்குத் தெரியாத அதற்குத் திருத்தத் தெரிகிறது. கல் வைக்கும் நமக்குத் தெரியாதா?

குழுவின் முன் கென்ஜெபெக் அண்ணன் ஏழு தகப்பன் பெயரையும் தடுமாறாமல் சொன்னார். சாரிபாயில் கொண்டுபோய் முடித்தார். ஒலிவாங்கி பிடித்திருக்கும் நம் செயலாளர் ஐந்தாவதிலேயே இருமத் தொடங்கிவிட்டார். கோபிக்காதீர்கள் அண்ணே, உண்மைதானே. வெளியே வரும்போது கென்ஜெபெக் அண்ணன் என்னிடம் கேட்டது ஒன்றுதான். "என் பேரு இல்லாட்டிப் போகுது. எங்கப்பா பேரை மட்டும் போடச் சொல்றியாம்மா?"

சரி. அவர் வெளியாள் என்றே வைத்துக்கொள்வோம். ஒரே குலத்தில் ஏழு தலைமுறைக்குள் பெண் கொடுக்க மாட்டோம் என்ற தடை அவருக்கும் நமக்கும் இல்லை. அவர் மகன் எர்கின் கால்நடை மருத்துவம் படித்தவன், நல்ல பையன். அவனுக்குப் பெண் கொடுக்கச் சம்மதிக்கும் சாரிபாய் வீட்டார் கையைத் தூக்குங்கள்.

காத்திருக்கிறேன்.

ஒரு கையும் எழவில்லை. தலைவர் அவர்களே, தங்கள் பேத்தி தோக்ஜானை அவனுக்குக் கட்டிக் கொடுப்பீர்களா?

நீங்கள் முணுமுணுத்தது ஒலிவாங்கியில் விழுந்துவிட்டது, பெரியவரே. "அதெப்படிம்மா? அவளுக்கு அவன் அண்ணனாச்சே!"

அண்ணன்! நான் சொல்லவில்லை, தலைவர் சொன்னார். அண்ணன் என்றால் அவன் தகப்பன் யார்? அந்தத் தகப்பனின் தகப்பன் யார்? என் அறிக்கையில் ஓர் எழுத்தும் மாறவில்லை. அதை வைத்து நாம் எடுத்த முடிவு மாறிவிட்டது.

தலைவர் எழுந்து தலையசைக்கிறார். கொத்துகிறவரே, உளியை எடுங்கள். முதலில் அவருடைய தாத்தா, பிறகு அப்பா, பிறகு கென்ஜெபெக். பெயர்களை அவரே சொல்வார். நம்மில் யாரைவிடவும் அவருக்கு அது சரியாகத் தெரியும். அண்ணே, தொப்பியைப் போட்டுக்கொண்டு முன்னால் வாருங்கள்.

பொறுமையோடு கேட்ட உங்கள் அனைவருக்கும் நன்றி கூறி, மேடையை உளிச் சத்தத்துக்கு விட்டு இறங்குகிறேன். வணக்கம்.