பேனாட்டின் வலது முழங்கால்

கால் பிடித்துவிடுவதில் எனக்குக் கைராசி உண்டு. யாழ்ப்பாணத்தில் ஆஸ்பத்திரி அற்றெண்டனாக இருந்தபோது பழகியது. ரொறன்ரோவுக்கு வந்து பார்க்டேலில் குடியேறிய பிறகு, அந்தக் கை என் தம்பி பேனாட்டுக்கு மட்டும்தான் உதவியது.

பத்து வயதில் என்னோடு வந்தவன். அமெரிக்கன் ஃபுட்போலில் பந்தை மார்போடு அணைத்துக்கொண்டு, மோத வருகிறவர்களுக்கு நடுவே பூந்து ஓடுகிறவன். ரன்னிங் பாக் என்பார்கள். தொண்ணூற்றேழில், எல்லைக்கு அப்பால் உள்ள ஒரு பெரிய அணி அவனைப் பயிற்சி முகாமுக்குக் கூப்பிட்டது. அன்றிலிருந்து மாதா கோயிலுக்குப் பூசைக்கு வருகிறவர்கள் நீக்கிலாஸ் என்ற என் பெயரையே மறந்துபோனார்கள். நான் பேனாட்டின் அண்ணன், அவ்வளவுதான்.

அதே கிழமை பேப்பரில் ஒன்று போட்டிருந்தார்கள். ஓடுகிறவனுக்கு இனி மதிப்பில்லை, பந்தை எறிகிறவனுக்குத்தான் காலம், ஓடுகிறவனை நாலு வருடம் சக்கையாகப் பிழிந்துவிட்டு எறிந்துவிடுகிறார்கள் என்று. தம்பியைக் காப்பாற்றுவது அண்ணனின் கடமையல்லவா. அந்த அணிக்கு ஒரு மொட்டைக் கடிதம் எழுதினேன். அவனுக்கு வலது முழங்காலில் சவ்வு கிழிந்திருக்கிறது, மறைக்கிறான் என்று.

மொட்டைக் கடிதம் எங்கள் ஆட்களுக்குப் புதிதல்ல. சம்பந்தம் பேசினால் பெண் வீட்டுக்கு இரண்டு கடிதமாவது வரும். அவர்களும் நாலு இடத்தில் விசாரித்துவிட்டுத்தான் முடிவெடுப்பார்கள். இந்த அணியும் விசாரிக்கும், அவனுக்குக் கொஞ்சம் பேர் கெடும், அதோடு போய்விடும் என்று நினைத்தேன். காப்பாற்ற எழுதியவன் ஏன் அப்படி நினைத்தான் என்று கேட்பீர்கள். பொறாமைதான். சொல்ல வெட்கமாக இருக்கிறது.

அவர்கள் விசாரிக்கவில்லை. ஓடுகிறவன் ஒருவனுக்காக ஒரு ஸ்கான் எடுக்கக்கூட மினக்கெடவில்லை. முழங்கால் பழுதென்று கேள்விப்பட்டோம், வேறு ஆளை எடுத்துவிட்டோம் என்று அவனுக்குப் போனில் சொல்லி வைத்துவிட்டார்கள்.

மாதம் ஒன்று கழித்து இன்னொரு அணி அவனை வரச் சொன்னது. அன்று பேனாட் சோபாவில் இருந்துகொண்டு வலது காலை என் மடியில் நீட்டினான்.

"அண்ணை, உண்மையா முழங்காலுக்குள்ளை ஏதும் இருக்கோ? எனக்குத் தெரியேல்லை. நீங்கள்தானே ஒவ்வொரு நாளும் பிடிச்சுப் பாக்கிறனீங்கள்."

இரண்டு முறை அழுத்திப் பார்த்தேன். குறை சொல்ல முடியாத முழங்கால்.

"கிழிஞ்சுதான் கிடக்கு. இனி ஓடாதை," என்றேன்.

டொக்டரிடம் காட்டட்டோ என்று கேட்டான். காட்டினால் எழுத்தில் வந்துவிடும், பிறகு ஒருவரும் எடுக்க மாட்டார்கள் என்றேன். முகத்தைத் துடைத்துக்கொண்டு ஓம் என்றான். எங்களைப் பெற்றவர்கள் சொல்லியிருந்தால்கூட அப்படி நம்பியிருக்க மாட்டான்.

இப்போது விட்பியில் ஒரு வெயார்ஹவுசில் வேலை செய்கிறான். இரண்டு வருடமாக வலது காலை இழுத்து இழுத்துத்தான் நடக்கிறான். படியேறும்போது உயிர் போகிற மாதிரி வலிக்கிறதாம். எனக்கு அதில் சந்தேகமில்லை. பொய் சொல்லத் தெரியாத பிள்ளை அவன்.